வினைச்சொல்லுக்கு ஓர் ஆள்

"த ரெயின் இஸ் ஹெவி" என்று நான் சொல்வேன். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்பு வைத்தபடி கொஞ்சம் யோசிப்பார். பிறகு, "இட் ரெயின்ஸ் ஹெவிலி" என்பார். வெளியே மழை அதே மழையாகத்தான் பெய்துகொண்டிருக்கும்.

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த ஒரு தோட்டத்தில், ஐம்பதுகளின் நடுவில், எங்கள் மாலைகள் இப்படிக் கழிந்தன. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளர். புண் கழுவுவார், கட்டுப் போடுவார், காய்ச்சல்காரர்களைத் தூக்கிக் கிடத்துவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து தோட்டப் பள்ளியோடு நின்றவர். நான் பதுளை டவுனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மாதா கோயில் திருநாளில் கண்டு பழகி, என் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவரைக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறினேன். மருந்து கலக்கும் வேலைக்கு உயர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான பரீட்சை இங்கிலீஷில். என் பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொடங்கினோம். பெயர்ச்சொல்லை வினையாக்க வேண்டும், வினையைப் பெயராக்க வேண்டும், பொருள் மாறக் கூடாது. "ஹி இஸ் கைண்ட்" என்றால் "ஹி ஷோஸ் கைண்ட்னெஸ்." அவர் சலித்துக்கொள்வார். "ஒரே ஆளுக்கு எத்தன சட்டைதான் மாத்திப் போடுவானுங்க புள்ள?" ஆனாலும் விடமாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் வாய் முணுமுணுத்தபடியே போவதைப் பார்த்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் செத்துப்போனாள். மேல் லயத்துக்காரி, தலைப்பிரசவம். வலி கண்டு ஒரு பகலும் இரவும் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. இரத்தம் போகத் தொடங்கியது. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்று என் கணவருக்குத் தெரிந்தது. தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. அது தேயிலை ஸ்டோர் வாசலில் நின்றது. அவர் ஓடிப்போய்த் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டார். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறது, ரயிலுக்குப் போக வேண்டும், பெட்டிகளை இறக்க முடியாது என்றார் துரை. இவர் இரண்டாம் தரமும் கேட்டார். துரை பதில் சொல்லாமல் பங்களாவுக்குள் போய்விட்டார். கம்பளியில் தூளி கட்டி, அவள் புருஷனும் என் கணவரும் இன்னும் சிலருமாகக் குறுக்குப் பாதையில் இறக்கினார்கள். பஸ் ரோட்டுக்கு வந்து சேருமுன்பே தாயும் பிள்ளையும் முடிந்துவிட்டார்கள்.

மரண விசாரணைக்கு முந்தின நாள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என் கணவரைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதரில்லை. இவர் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை அழகான இங்கிலீஷில் தானே டைப் அடித்து வைத்திருந்தார். "தம்பி, இதில ஒரு கையெழுத்து வையும். வேற ஒண்டும் நீர் கதைக்கத் தேவையில்லை" என்றாராம். வாசித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் வாசிக்கக் கூடியவர் என்பதைக் கிளாக்கர் எதிர்பார்க்கவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. வண்டி கிடைப்பதில் ஒரு 'டிலே' ஏற்பட்டது என்று அந்த வரி சொன்னது.

"புள்ள, இந்த டிலேங்கிறது நவுன்தானே?"

"ஆமாங்க."

"இத வேர்பா மாத்தணும்னா முன்னுக்கு ஒரு ஆளப் போடணும்ல? யாரு டிலே பண்ணாங்கன்னு?"

அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல துரையே இல்ல. நான் போயி கேட்டதும் இல்ல. லொறி தானா வராம நின்ன மாதிரி இருக்கு."

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். வேலை போனால் அறையும் போகும். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனுவுக்கு அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. அது இல்லாமல் நாட்டில் எந்தக் கதவைத் தட்டுவது? இதையெல்லாம் சொன்னேன். "நீ சொல்றது எல்லாம் சரிதான்" என்றார். "ஆனா அவ புருஷன், அந்த அண்ணன், தூளிய ஒரு பக்கம் பிடிச்சாரு, நான் மறுபக்கம் பிடிச்சேன். இதுல கையெழுத்துப் போட்டுட்டு அவரு மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

நான் எழுந்து விளக்கைத் தூண்டிவிட்டேன். அவர் வெள்ளைத்தாளில் எழுதினார். எழுத்துப் பிழைகளை நான் திருத்தினேன். நடுவரி மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் விழுந்தது: "த சுப்பரின்டென்டன்ட் ரெஃபியூஸ்ட் த லொறி." துரை லொறியைத் தர மறுத்தார்.

விசாரணையில் அதைத்தான் கொடுத்தார். துரை, தன்னிடம் யாரும் அவசரம் என்று சொல்லவில்லை என்றார். லொறி டிரைவர் குனிந்த தலை நிமிராமல், தன் காதில் எதுவும் விழவில்லை என்றான். அவனுக்கும் வீடு நிறையப் பிள்ளைகள். இரத்தப்போக்கினால் மரணம் என்று முடிவு எழுதப்பட்டது. அடுத்த மாதமே என் கணவருக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தி, அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை கேட்டுப் பார்த்தார். அவர் போய்ச் சேருமுன்பே அவரைப் பற்றிய செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் பதுளையில், முகத்தைத் திருப்பிக்கொண்ட என் வீட்டாரின் பின்கட்டில் ஒதுங்கினோம். வெலிமடையிலிருந்து வரும் லொறிகளில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கினார். பரீட்சை எழுதவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, எங்கள் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஆண்டில் இறந்துபோனார்.

அவர் செய்ததால் என்ன ஆயிற்று என்று மகன் வளர்ந்த பிறகு கேட்டிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் தோட்டத்தை விட்டு இறங்கிய காலையில் நடந்த ஒன்று இருக்கிறது. அதை அவனுக்குச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

பெரட்டில் பேர் பதிந்து முடிந்து எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். எங்களோடு பேசுவதைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் வழியனுப்ப யாரும் வரவில்லை. செத்துப்போனவளின் புருஷன் மட்டும் வேலைக்குப் போகாமல் வந்து, எங்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் ரோட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நீங்க எழுதுன அந்த இங்கிலீசுல எம் பொஞ்சாதி பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. மொத வரியிலயே எழுதுனேன்."

"அத எப்படிச் சொல்லுவாங்க?"

என் கணவர் அந்த வரியை இங்கிலீஷிலேயே சொன்னார். அத்தனை புரியாத சொற்களுக்கு நடுவில் தன் மனைவியின் பெயர் வந்த இடத்தில் அவர் முகம் அசைந்தது. தூரத்து வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

"இன்னொரு தரம் சொல்லுங்க தம்பி" என்றார்.