மண்ணாங்கட்டியின் டீ வைத்தியம்

மிக்ஸியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரைத்தான் மண்ணாங்கட்டி ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம் மிக்ஸியின் வயிற்றில் காதை வைப்பார். உதட்டைப் பிதுக்குவார். இனி நம் வீட்டில் ஆயுசுக்கும் சட்னி கிடையாது போலிருக்கிறதே என்று வந்தவரின் முகம் வாடியதும் மெதுவாகச் சொல்வார்: "நைனா, இது பெரிய வேலை. நீ எதிர்ல போய் ஒரு டீ குட்சிட்டு வா."

அவர் தெருவைத் தாண்டியதுதான் தாமதம், மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை ஓர் அமுக்கு. டக். வேலை முடிந்தது. மாவு கெட்டியாகி மிக்ஸிக்கு மண்டை சூடானால் அது தானாகவே நின்றுவிடும்; சூடு தணிந்ததும் அந்தப் பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும். வந்தவர் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். மண்ணாங்கட்டி ஸ்க்ரூடிரைவரின் நுனியை, சுட்டு முடித்த துப்பாக்கியை ஊதுகிற மாதிரி 'ஃபூ' என்று ஊதிக் காதில் செருகிக்கொண்டிருப்பார்.

"நான் பட்ச்சது மூணாங் கிளாஸ். அதுலயும் பாதி நாளு மழை லீவு" என்பார். "எனக்குத் தெரிஞ்ச ஒரே பாடம் அந்தப் பட்டன்தான். அதை வெச்சே குடும்பம் ஓட்டிகினு கீறேன்."

பிறந்தது கடலுக்குப் போகிற குடும்பத்தில். ஆனால் கடல் இவருக்கு ஆகாது. படகில் ஏறும் முன்பே, கரையில் நின்றபடியே வாந்தி எடுப்பார். முதல் நாள் வலை போட்டபோது மீன்களே இவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விலகிப்போயினவாம். அதனால் திருவொற்றியூர்க் குப்பத்தில், வீட்டின் முன்னறையே கடை. பின்னறை சமையல்கட்டு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பலகைக்கு அப்பால் மனைவி பவானிக்கு நாள் முழுக்க 'டக்' கேட்டுக்கொண்டே இருக்கும்.

பின்னறையில் பவானியின் கரண்ட் அடுப்பு இருக்கிறது; கதவு வைத்த பெரிய ஓவன். பவானியின் தம்பி பாஸ்கர் கப்பலில் சமையல்காரர். கப்பலில் புது அடுப்பு வைத்தபோது பழையதை அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மீன்வண்டியில் அது வந்த அன்று குப்பமே பின்னால் நடந்தது. தேங்காய் உடைக்காததுதான் குறை. அதில் பவானி பன் சுட்டார், பிஸ்கட் சுட்டார், கடைசியில் கேக்கும் கற்றுக்கொண்டார். அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்: ஊர் மிக்ஸியை எல்லாம் மண்ணாங்கட்டி தொடலாம், அந்த அடுப்பைத் தொடக்கூடாது.

போன கார்த்திகை மழையில் சட்டம் உடைந்தது. ராயபுரத்து மாதாகோயில் தெருவில் ஒரு கல்யாணம். மூன்றடுக்குக் கேக், பவானியின் முதல் பெரிய ஆர்டர். பெண்ணின் அம்மாவுக்கு அரை மனசுதான். குப்பத்து அடுப்பில் கேக்கா என்று மூக்கைச் சுளித்தவர், பவானி வீடேறிப்போய் ஒரு துண்டை வாயில் ஊட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். விடிந்தால் கல்யாணம் என்கிற நிலையில், கோழி வளர்க்கும் தன் அம்மாவிடம் முட்டை வாங்கிவர பவானி காலையிலேயே எண்ணூருக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து மண்ணாங்கட்டியின் அக்கா செல்லம்மா கூடையோடு வந்து அழுதார். விற்பதற்குக் காயப்போட்ட நெத்திலி, வெயிலே இல்லாமல் நசநசத்துப் புழு வைக்கப் பார்க்கிறதாம். மண்ணாங்கட்டிக்கு இரக்கம் பொங்கியது. இரக்கம் பொங்கினால் அவருக்கு அறிவு அடங்கிவிடும். "அக்கா, வூட்டுக்குள்ளயே வெயிலு கீது, கொண்டா" என்று கூடையை வாங்கி, தட்டுத் தட்டாக நெத்திலியைப் பரப்பி அடுப்பில் தள்ளினார்.

நெத்திலி அருமையாகக் காய்ந்தது. செல்லம்மா வாழ்த்திவிட்டுப் போனார். வாடை மட்டும் போகவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள பூனைகள் எல்லாம் வாசலில் மாநாடு கூடிவிட்டதாக மண்ணாங்கட்டி சத்தியம் செய்கிறார். இந்த அடுப்பில் கல்யாணக் கேக் சுட்டால் மாப்பிள்ளை வீட்டார் சோறு கேட்பார்கள்.

அப்போதுதான் மச்சான் பாஸ்கர் சொன்னது ஞாபகம் வந்தது: சூட்டுக் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினால் அடுப்பு தன் அழுக்கைத் தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். திருப்பினார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே சுடுகாட்டுச் சூடு. மதியம் சாய்ந்து, அது ஆறி, பூட்டு விட்டபோது உள்ளே ஒரு பிடி சாம்பல்தான் மிச்சம். துடைத்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது. வாடை ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் விரட்டிவிடலாம் என்று மறுபடி போட்டார். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. சூடு மட்டும் வரவில்லை. கையை விட்டுப் பார்த்தார், ஐஸ்பெட்டி தோற்றது.

மண்ணாங்கட்டி பிளக்கைக் கழற்றி மாட்டினார். ஒயரை மாற்றினார். கப்பல் கரண்ட் வேறு, கரைக் கரண்ட் வேறு என்று கண்டுபிடித்தார். அடுப்பைச் சுவரிலிருந்து இழுத்து, பிளக்கைப் பிடுங்கி, முதுகுத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கடை சிவந்தி வந்து, சாமிக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சாமிக்கு நெத்திலி பிடிக்கும் என்று தெரியாததால் மண்ணாங்கட்டி வேண்டிக்கொள்ளவில்லை.

முட்டைக் கூடையோடு பவானி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாய்யா வாடை?"

"மழை வாடை."

"ஏன், நெத்திலி மழையா பேஞ்சுது?"

அதற்குமேல் மறைக்க மண்ணாங்கட்டிக்குத் தெம்பு இல்லை. ஒன்று விடாமல் ஒப்பித்தார். கடைசியில், "நான் ஒரு கஸ்மாலம்மே. பேர் வெச்சவன் தெரிஞ்சுதான் வெச்சிக்கிறான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பவானி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்தம்மா மூஞ்ச சுளிச்சப்போ, என் அடுப்பு என்னைக் கைவுடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்பின் பின்னால் குந்தி, திறந்துகிடந்த முதுகுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். அடுப்பின் பக்கவாட்டில் காதை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நைனா, இது பெரிய வேலை. நீ எதிர்ல போய் ஒரு டீ குட்சிட்டு வா."

மண்ணாங்கட்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். எதிரே தாவூதின் கடையில் டீயை வாங்கிப் பாதி உறிஞ்சிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அடுப்பின் முதுகுக்குள், ஒயர்களுக்கு நடுவே, சுண்டைக்காய் அளவில் சிவப்பாக ஒன்று இருந்தது. மூன்று தடவை பார்த்திருந்தார். வெள்ளைக்காரன் அழகுக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தார். மீதி டீ லுங்கியில் கொட்டியது. தாவூது என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல பாய், எனக்கே வைத்தியம் பாத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார்.

முதுகுத் தகடு பழையபடி ஏறியிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் கம்பிகள் செக்கச்செவேலென்று பழுத்திருந்தன. முட்டை அடித்துக்கொண்டிருந்த பவானி, கதவோரம் சொட்டச்சொட்ட நின்றவரை நிமிர்ந்து பார்த்தார். கையைப் புடவையில் துடைத்தார். தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை 'ஃபூ' என்று ஊதி, தன் காதில் செருகிக்கொண்டார்.