டிரோனுக்குப் போட்ட பூஜை

கோவிந்தாபுரத்துப் பூபதிராஜாவுக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை. பேட்டரிக்குப் பதிலாக ஹைட்ரஜனில் பறக்கிற டிரோன் செய்யும் சின்னக் கம்பெனி. டிரோனின் வயிற்றில் எரிபொருள் கலம் இருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் ஹைட்ரஜனையும் விசிறி இழுத்துத் தரும் காற்றையும் சேர்த்து அது மின்சாரம் பண்ணும்; கழிவாக வெறும் தண்ணீர்தான் சொட்டும். பேட்டரி டிரோன் இறங்கிப் படுத்த பிறகும் இது வெகுநேரம் வானத்தில் நிற்கும். ஆயுதபூஜைக்கு மறுநாள் மூணாற்று எஸ்டேட்காரர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. நன்றாகப் பறந்தால் அவனை நிரந்தரமாக்கிவிடலாம் என்று இன்ஜினியர் மௌனிகா சொல்லியிருந்தார்.

பூஜையன்று ஷெட்டைக் கழுவி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தான். டிரோனை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. நெருப்பும் கேஸும் ஆகாது என்று சிலிண்டரைக் கழற்றித் தூரமாய் வெளியே வைத்தான். கலத்துக்குள் ஈரம் காய்வதற்காக ஓடிக்கொண்டிருந்த விசிறியை அணைக்கத் தோன்றவில்லை. சாம்பிராணித் தட்டைச் சுற்றினான். புகை நேராக டிரோனுக்குள் போனது.

"ஏப்பா பூபதி, சாமி உள்ளயே பூந்துக்கிச்சாட்ட இருக்குது," என்று சிரித்தார் வாட்ச்மேன் சென்னியப்பன்.

நல்ல சகுனந்தான் என்று அவனும் இன்னொரு பிடி போட்டான்.

மறுநாள் டிரோன் எழும்பியது. மைதானத்தைத் தாண்டுவதற்குள் திரையில் வோல்டேஜ் சரிய ஆரம்பித்தது. இறக்கிவிட்டார்கள். எஸ்டேட்காரர்கள் டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

மௌனிகா கலத்தைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்ன பூபதி, கோயில் வாசம் அடிக்குது?"

"சாம்பிராணி காட்டுனனுங்க மேடம்."

"இதுக்கா?"

"நல்லாப் பறக்கோணும்னுதானுங்க."

"இது மூச்சு விடற மெஷின் பூபதி. புகை போனா உள்ள பூசியிருக்கற பிளாட்டினம் செத்துரும். விசிறிய நிறுத்தியிருக்கலாமே."

"சிலிண்டரைத்தான் நெனச்சனுங்க."

அவர் சத்தம் போடவில்லை. "நிரந்தரம் பத்தி இனி நான் பேச முடியாது. ஓனர் கேட்டா என்னத்தச் சொல்லட்டும்?"

"நடந்ததச் சொல்லிருங்க."

அழுகையாவது கோபமாவது வரும் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் யாரோ காலை மிதித்தார்கள். அதுகூட வேறு யாருடைய காலோ போலத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா கமலாத்தாள் சோறு போட்டாள்.

"பறந்துச்சா கண்ணு?"

"பறந்துச்சு."

"அப்ப வேல?"

"ஆகாதும்மா."

அவள் ரசத்தை ஊற்றினாள். அவன் பிசைந்து தின்றான். பாத்திரத்தில் மிச்சமிருந்ததை அவள் வாயில் விட்டுப் பார்த்தாள்.

"ஏண்டா, உப்பே போடல நானு. சொல்லப்படாதா?"

அவன் தட்டைப் பார்த்தான். முழுக்கத் தின்று முடித்திருந்தான்.