வீராம்பட்டினத்தில் ஜிம்மி நடந்தது

வீராம்பட்டினம் கடற்கரையில் வண்டியை நிறுத்துகிறோம். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில், விரித்த துண்டில் படுத்திருக்கும் எங்கள் நாய் ஜிம்மியை என் வீட்டுக்காரர் தூக்கி மணலில் விடுகிறார். பைக் மோதியதிலிருந்து அது நடக்கவே இல்லை. எலும்பு கூடிவிட்டது, பயத்தில்தான் எழுந்திருக்கவில்லை, மணலில் விட்டுப் பாருங்கள் என்று மாட்டு டாக்டர் சொன்னார். தட்டாஞ்சாவடியிலிருந்து இது மூன்றாவது தடவை வருகிறோம்.

"எந்திரிடா, என் தங்கம் இல்ல" என்று இவர் கெஞ்சுகிறார். என்னை ஒருநாளும் இப்படிக் கெஞ்சியதில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா வலை விரித்து நெத்திலி காயப் போட்டிருக்கிறார். கையில் காக்காய் விரட்டும் கோல்.

"இன்னா பெரியவரே, மாப்ள அழைப்பா?" என்று சிரிக்கிறார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்க்கிறேன்.

திரும்பினால் ஜிம்மி எழுந்து நிற்கிறது! நொண்டி நொண்டி நாலு அடி வைத்து, நேராக நெத்திலியில் வாயை வைக்கிறது. அந்த அம்மா கோலை ஓங்குகிறார்.

"அடிக்காதம்மா! இத்தினி நாளா நடக்காத புள்ள!"

கத்தியது நான்தான்.

ஓங்கிய கோலை அந்த அம்மா தாழ்த்துகிறார். "அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா ஆயா? இந்தா, காக்கா வராம பாத்துக்க" என்று கோலை என் கையில் திணித்துவிட்டு, ஒரு பிடி நெத்திலி அள்ளுகிறார். பத்தடி தள்ளி ஒன்று போடுகிறார். ஜிம்மி போய்த் தின்கிறது. இன்னும் தள்ளி ஒன்று. இவர் கைதட்டிக்கொண்டே பின்னால் போகிறார்.

மூன்று பேரும் படகுகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் நெத்திலிக்குக் காவல் நிற்கிறேன்.