பசியாவரத்து உலையில் ஒரு கை

பழவேற்காட்டுக்கு எல்லாரும் பூநாரை பார்க்கப் போவார்கள். போன தை மாதம் நான் போனது ஒரு கையை மாட்டிவிட. பயந்துவிடாதீர்கள். சென்னையில் உயிர்மருத்துவக் கருவிகளும் நவீன உற்பத்தியும் சேர்ந்த எம்.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். த்ரீ-டி பிரிண்டர் முன்னால் தவம் கிடப்பதுதான் பாதிப் படிப்பு. பசியாவரம் தீவு மீனவர் ஏழுமலை அண்ணனுக்குச் செயற்கை விரல்கள் செய்வது என் ப்ராஜெக்ட். படகு மோட்டாரில் மாட்டி, அவர் வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் போய்விட்டன. மணிக்கட்டை மடக்கினால் கயிற்றைப் பிடிக்கும், நிமிர்த்தினால் விட்டுவிடும். அவ்வளவுதான் நான் செய்த கருவி.

சென்ட்ரலில் காலை கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து பழவேற்காடு சுமார் இருபது கிலோமீட்டர், பஸ் உண்டு. பஸ்ஸில், கருவி இருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாமா அது, பிரியாணியா?" என்றார் கண்டக்டர்.

"கை சார்," என்றேன். பழவேற்காடு வரும்வரை அந்த மனிதர் என் பக்கமே திரும்பவில்லை.

துறையில் ஏழுமலை அண்ணனின் மச்சான் குமார் படகோடு காத்திருந்தார். பாதி ஏரி தாண்டிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மீன் நன்றாகப் படும் இடங்களில் வலை கட்ட ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். பாடு வந்தால் அந்த இடம் அன்றைக்கு உங்களுடையது. விபத்துக்குப் பிறகு அண்ணனுக்குப் பதிலாகக் குமார் போய்வந்திருக்கிறார்.

"இந்தப் பாடு வர்றப்ப மாமாவே எறங்கணும்னு ஊர்ல பேசிட்டாங்க மேடம். இல்லாங்காட்டி மொறைலேந்து பேர எடுத்துடுவாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், தப்புன்னு சொல்ல முடியாது. இன்னிக்கு மத்தியானம் படகு கெளம்புது."

அளவு சரியா என்று பார்த்துவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுத் திரும்பலாம் என்று வந்தவள் நான்!

வீட்டில் கையை மாட்டினோம். லொடலொட என்று ஆடியது. இரண்டு மாதம் முன்பு நான் ஸ்கேன் எடுத்தபோது அவர் உள்ளங்கை வீங்கியிருந்தது. இப்போது வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. அவருக்கு நல்ல செய்தி, என் தலையில் இடி.

"பரவால்ல தங்கச்சி, அடுத்த தபா பாத்துக்கலாம்," என்று அண்ணன் சிரித்தார். அவர் மனைவி தேவி அக்கா சிரிக்கவில்லை. அடுத்த தபா கிடையாது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் வெந்நீரில் இளகும். இளக்கிக் கையோடு அழுத்தினால் பொருந்திவிடும். ஆனால் கொஞ்சம் கூடப்போனால் மொத்தமும் கோணிவிடும். வேறு கை கைவசம் இல்லை.

"அக்கா, அரிசி போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லமா, இன்னாத்துக்கு?"

"கைய வேகவைக்கணும்."

"அடிப்பாவி!" என்றார் அக்கா. ஆனாலும் வெந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தந்துவிட்டார்.

உள்ளங்கைப் பகுதியை மட்டும் இடுக்கியால் பிடித்து முக்கினேன். அண்ணன் கையில் துணி சுற்றி, கருவியை மாட்டி, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அக்காவும் அழுத்தினோம்.

"சுடுதாண்ணா?"

"மோட்டாரு கடிச்சதுக்கு இதெல்லாம் இன்னா!"

குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதும் இறுகியது. அண்ணன் மணிக்கட்டை மடக்கிக் கயிற்றைப் பிடிக்க, குமார் மறுமுனையை இழுத்துப் பார்த்தார். இழுபட்டு வந்தது குமார்தான். "வுடு மாமா, வுடு!" என்று அவர் அலறியதில் அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், என்ன வெட்கம்?

அண்ணன் ஏறிய படகு போனபின் குமாரும் நானும் கரையில் உட்கார்ந்து நகம் கடித்தோம். அந்த நேரத்தில் யோசித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு போகிறவர்கள் குடிதண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போங்கள். லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தைத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் மாதிரி கருவி செய்கிறவர்களோ, பிரிண்டரைத் தட்டும் முன் ஆளை இன்னொருமுறை நேரில் பாருங்கள். உடம்பு நமக்காகக் காத்திருக்காது. ஒன்றரை வருடம் வகுப்பில் கேட்டதெல்லாம் எதற்கென்று எனக்கு விளங்கியது அந்தக் கரையில்தான். மோட்டாரிடம் நான்கு விரலை இழந்த கையை ஒரு படிக்கிற பெண்ணை நம்பி நீட்டினாரே, அந்த மனிதருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

வெயில் சாய்ந்ததும் படகு வந்தது. பிடிபட்ட இறாலைக் கரையில் கொட்டிப் பங்கு பிரித்தார்கள். படகுக்கு ஒரு குவியல், வலைக்கு ஒரு குவியல், பிறகு ஆளுக்கு ஒன்று. அண்ணன் முன்னாலும் ஒன்று விழுந்தது, மற்றவர்களுடைய அளவே.

"படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. அந்தக் கையும்தான் வேல செஞ்சிது, அதுக்கு?" என்று அண்ணனோடு படகில் போனவர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தபடியே இன்னும் கொஞ்சம் இறாலை ஒதுக்கினார்கள்.

"அது அண்ணன் கைதானே, அவர் பங்கோட சேத்துடுங்க," என்றேன்.

அண்ணன் தலையாட்டினார். "வேணாம் தங்கச்சி, அது நீ எடுத்துக்க. எனக்கு முழு ஆள் பங்கு வந்துடுச்சி."