சக்கரத்தைச் சுற்றி வளைத்த வரி

அந்த அறையில் இருந்தவர்கள்: மேனேஜர் ராகவன் சார். சென்னையிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி. மிஷின் ஓட்டும் செல்வராஜ், காட்டூர்க்காரன். ஃபிட்டர் ரஹமத்துல்லா பாய், வலது கையில் கட்டோடு. சுவரோரம் நான், முருகேசன், ஆபீஸ் உதவியாள்.

பொய் சொன்னது நான்.

உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. திருவானைக்காவலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தபோது கம்ப்யூட்டர் பழகினேன். பிறகு தஞ்சாவூர் ரோட்டில் இந்தப் பட்டறை. இரும்புத் தகடுகளை உருளைக்குள் விட்டு வளைக்கிற இடம்.

மாதம் ஒருமுறை ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். சார் தாளில் எழுதித் தருவார். நான் டைப் அடித்து, படம் வைத்து, ஸ்லைடாக்கித் திரையில் ஓட்டுவேன். அந்த ஒரு மணி நேரம் நானும் ஒரு ஆள்.

அந்த மாதம் சார் கொடுத்தது இரண்டு வரி. ‘சக்கரம் நின்ற பிறகே மூடியைத் திறக்கவும். திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டவும்.’

பூட்டுவது எதற்கு என்றால், அந்த மிஷினை இரண்டு முனையிலிருந்தும் ஓட்டலாம். இந்த முனையில் ஒருவர் நிறுத்தியிருப்பார். அந்த முனையில் இருப்பவர் தெரியாமல் பெடலை மிதித்தால் சக்கரம் மறுபடி சுற்றும்.

நான் அப்போதுதான் புதிதாக ஒன்று பழகியிருந்தேன்... எழுத்தை வளைப்பது. வரியைப் பிடித்து, வட்டம் என்று அமுக்கினால் போதும். எழுத்துகள் எழுந்து படத்தைச் சுற்றி ஓடும். பல்சக்கரத்தின் படம் ஒன்று வைத்து, அதைச் சுற்றி அந்த இரண்டு வரியையும் ஓடவிட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு!

முதல் வரி வட்டத்தின் மேல் பாதியில் வந்தது. இரண்டாவது வரி கீழ்ப் பாதியில், தலைகீழாக.

கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தேன். அழகு கெட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பைத் தொடங்கிவைத்துவிட்டு சார் போன் பேச வெளியே போய்விட்டார். அந்த ஸ்லைடு வந்ததும் செல்வராஜ் சத்தம் போட்டான்.

“அண்ணே, கீழ இருக்கறதப் படிக்கணும்னா வவ்வால் மாதிரி தொங்கணும்போல!”

எல்லோரும் சிரித்தார்கள். “எட்டாங்கிளாஸ் டிசைன்டா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பாய்தான் அவர்களை அடக்கினார். “சும்மா இருங்கப்பா. கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்காரு.” பிறகு என்னைப் பார்த்து, “முருகேசு, கீழ என்ன போட்டிருக்குன்னு வாயால சொல்லிட்டுப் போங்களேன்,” என்றார்.

எனக்கு முகம் எரிந்தது.

“படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்குங்க பாய்,” என்றேன். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

ஒரே ஒரு வரி. வாயால் சொல்லியிருக்கலாம்... எது தடுத்தது என்னை? அந்தச் சிரிப்பா? அவர் எனக்காகப் பரிந்து பேசினாரே, அதுவா? இன்றுவரை பிடிபடவில்லை.

ஒன்பதாம் நாள் பாய், மூடிக்குள் சக்கரத்தில் ஓடும் சங்கிலிக்கு எண்ணெய் விடப் போனார். சக்கரத்தை நிறுத்தினார். நிற்கும்வரை காத்திருந்தார். மூடியைத் திறந்தார். மறுமுனையில் செல்வராஜ், தகட்டை ஏற்றிவிட்டுப் பெடலை மிதித்தான்.

அலறல் ஆபீஸ் வரை வந்தது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து சார் போன் செய்தார். “முருகேசன், அந்த ஸ்லைடப் பிரிண்ட் எடுத்து வைங்க. விசாரணைக்குக் கேப்பாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். மாற்றச் சொல்லவில்லை. அவர் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை.

கோப்பைத் திறந்தேன். வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுத்தைப் பிடித்து, வளைவு வேண்டாம் என்று அமுக்கினேன். எழுத்துகள் இறங்கி வரிசையில் நின்றன. இரண்டு வரியும் பெரிதாக, தெளிவாக, சக்கரத்துக்குக் கீழே. அரை நிமிட வேலை. சேமித்தேன். பிரிண்ட் எடுத்தேன்.

விசாரணையில் அந்தத் தாளை அதிகாரி பாயிடம் நீட்டினார். பாய் இடது கையால் வாங்கினார்.

“இத உங்களுக்குக் காட்டினாங்களா, இல்லையா?”

பாய் நிதானமாகப் படித்தார். “இது இல்லீங்க சார். வட்டமா இருந்துச்சு. கீழ என்னமோ இருந்துச்சு, தலகீழா... படிக்க வரல.”

“வகுப்புக்கு வந்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?”

“போட்டேன் சார். ஆனா வட்டமாத்தான் இருந்துச்சு.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே செஞ்சது? வட்டமா இருந்துச்சா?”

செல்வராஜ் தரையைப் பார்த்தான். பழி பாய் மேல் விழாவிட்டால் பெடலை மிதித்தவன் மேல் விழும். அது அவன் பயம். பாய் மட்டும் என்னையே பார்த்தார். கோபமாக இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிய பார்வை.

“இல்லீங்க சார். இப்படியேதான் இருந்துச்சு,” என்றேன்.

பாய் இன்னொரு முறை படித்துப் பார்த்தார். தாளை மேஜையில் வைத்தார். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை.

இப்போது ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிறார். ஒருநாள் தெரியாமல் என் வண்டியை அங்கே விட்டுவிட்டேன். தப்பிக்க வழியில்லை.

“நல்லா இருக்கீங்களா முருகேசு? புள்ளைங்க நல்லா இருக்கா?”

“இருக்காங்க பாய்.”

டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். “கண்ணு டாக்டர்கிட்ட போனேன் முருகேசு. ரெண்டு தடவ. கண்ணு நல்லா இருக்குங்கறாங்க. அப்ப அன்னிக்கு எனக்கு மட்டும் எப்படி வட்டமாத் தெரிஞ்சுது? மூளையில ஏதாச்சும் இருக்குமோன்னு வீட்ல பயப்படுறா...”

ஐயோ! விரலை எடுத்தது மிஷின். அவர் கண்ணை அவரே நம்பாமல் செய்தது நான்!

அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் நின்றன. “உடம்பப் பாத்துக்குங்க பாய்,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வேறு ஸ்டாண்டில்தான் இப்போது வண்டியை விடுகிறேன்.

அந்த ஸ்லைடு இன்னும் இருக்கிறது. நேரான வரிகளோடு. அதற்கு அடுத்ததாக சார் ஒன்று சேர்க்கச் சொன்னார்: பாதுகாப்பு வரியைப் படிக்காமல் விட்டதால் விரல்களை இழந்த ஒரு தொழிலாளியின் கதை, பேர் போடாமல். டைப் அடித்தவன் நான். மாதாமாதம் வகுப்பில் அதைத் திரையில் காட்டுகிறவனும் நான். எவரும் சிரிப்பதில்லை.

இதுவரை நாற்பத்தொரு முறை.