விலை கேட்காமல் ஏறிய வண்டி

“அம்பத்தூர் எஸ்டேட்லேர்ந்து நேரா பாங்காக்கா? நடுவுல ஒரு தபா திருப்பதியாவது போயிட்டு வாம்மா. கூட்டத்துல எப்பிடி நிக்கறதுன்னாவது தெரியும்.”

எங்கள் ஆலையின் மேற்பார்வையாளர் தனசேகர் அண்ணன் தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னார். சுற்றி நின்ற ஆபரேட்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தாய்லாந்தில் வாங்கவிருந்த, தகட்டை அடித்து வடிவமாக்கும் ஒரு பிரஸ் இயந்திரத்தை அளந்து பார்த்து, சரி என்று கையெழுத்திட்டு வர, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருத்தி நான், மற்றவள் நித்யா. ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி நடக்கும் ஆறு வாரமும் எங்களில் ஒருத்தி அங்கே போய்த் தங்க வேண்டும், அது யார் என்பதை இந்தப் பயணத்தைப் பார்த்து முடிவு செய்வேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஆறு வாரம் எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கடல் தாண்டும் முதல் ஆளும் நானாகவே இருக்க வேண்டும், அதுவும் நான்கு நாளோடு முடியக் கூடாது.

நித்யாவைப் பற்றி நியாயமாக எழுத முயல்கிறேன். முடியாத இடங்களில் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்ப் பெண். அம்பத்தூரில் லிப்ட் வைத்த அடுக்குமாடி வீடு. அப்பா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக் காலிப் பக்கத்தைத் தேட வேண்டும். என்னுடையதில் இன்னும் அச்சக வாசனை போகவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேனாம்பேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன். விமான நிலையம் வரை வாடகைக் காருக்கு 680 ரூபாய். “வழிதானே புவனா, நாங்களே ஏத்திக்கறோம்” என்று நித்யா முந்தின நாளே சொல்லியிருந்தாள். வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே வண்டி சொல்லிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். அம்மா, அப்பா, தம்பி மூவரும் என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள். உள்ளே போன பிறகும் கண்ணாடிக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்று அம்மா கையாட்டிக்கொண்டிருந்தார். நித்யாவின் அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் பெண் வெளிநாடு போவது அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது.

பத்தேகாலுக்கு விமானம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. தரையிறங்கியபோது உள்ளூர் நேரம் பிற்பகல் மூன்று ஐந்து.

நித்யாவிடம் கையில் தூக்கிக்கொள்ளும் ஒரு பைதான். என் பெட்டி சரக்கில் போயிருந்தது. நைலான் கயிறு கட்டிய அந்தப் பெட்டியில் உடுப்பு பாதி, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பாதி. நாலரைக்கு ஓட்டலில் அந்த இயந்திரத்தைச் செய்யும் தொழிற்சாலையின் ஆள் வந்து எங்கள் நுழைவு அட்டைகளைத் தருவதாக ஏற்பாடு. ஒருத்தியாவது அங்கே இருக்க வேண்டும்.

“நான் இருக்கட்டுமா? லேட்டானா போன்ல சொல்லிக்கலாம்” என்றாள் நித்யா.

“நீ போ. நான் வந்துக்கறேன். எனக்கென்ன வழி தெரியாதா?”

தெரியாது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

பெட்டி வர அரை மணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் வெள்ளைச் சட்டை போட்டு நீல டை கட்டிய ஒருவர் எதிரில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட விலைப் பட்டியல். “டாக்ஸி, மேடம்? எந்த ஓட்டல்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாங்னா பகுதியில் இருக்கும் ஓட்டலின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் கையிலிருந்த பட்டியல் என் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திரும்பியிருக்கும்.

ஏன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். கல்லூரிக் காலத்தில் நான்கு வருடம் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்தவள் நான். அதில் யாரும் கட்டணம் கேட்டு ஏறமாட்டார்கள். ஏறுவோம், நெருக்கி உட்காருவோம், இறங்கும்போது சரியான சில்லறையைக் கையில் வைத்துவிட்டு நடப்போம். கேட்டால் ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும், பத்து ரூபாய் ஏறிவிடும். தெரிந்தவள்போல ஏறுவதுதான் எங்கள் பக்கத்தில் ஏமாறாமல் இருக்கும் வழி. அதே வழியைப் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கும் கொண்டுபோனேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் வங்கிக் கடிதமோ ஆதார் திருத்தமோ மின் கட்டணமோ எதுவானாலும் “புவனாவக் கேளு” என்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இப்படித்தான். புரியாத படிவத்தைக்கூடப் புரிந்ததுபோல் வாங்கிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து முட்டி மோதிக் கண்டுபிடிப்பேன். தெரியாது என்று சொன்னால் எனக்குப் பின்னால் கேட்க ஆள் இல்லை.

டை கட்டியவர் கொண்டுபோய் ஏற்றிவிட்ட டாக்ஸியில் மீட்டர் இருந்தது. அதன் மேல் ஒரு சிறிய துண்டு மடித்துப் போடப்பட்டிருந்தது. பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும்.

“இந்தியாவா? அங்கே வெயில் அதிகமா?” என்றார்.

“இதே அளவுதான்” என்றேன், அடிக்கடி வந்து போகிறவள்போல.

இருபது கிலோமீட்டர். மேம்பாலத்துக்குக் கீழே வரிசையாகத் தொழிற்சாலைகள், ஒவ்வொரு வாசலிலும் பூமாலை போட்ட சிறிய சாமி வீடு. இந்தப் பக்கத்தை நன்றாகப் பார்த்து எழுத வேண்டும் என்று குறிப்பேடு எடுத்து வைத்திருந்தேன். என் கண் துண்டை விட்டு நகரவில்லை.

ஓட்டல் வாசலில் “தொள்ளாயிரம்” என்றார். ஆயிரம் பாட் தாளை நீட்டினேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சில்லறை இல்லை என்றார். “பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். அன்றைய மதிப்பில் ஒரு பாட் ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய். ஐ.டி. கட்டடத்தில் தரை துடைக்கும் என் அம்மாவுக்கு ஒரு வாரச் சம்பளம் அது.

வரவேற்பறையில் நித்யா குளித்து, தலையை உலர்த்தி, ஐஸ் போட்ட டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா? எனக்கு 225 பாட் ஆச்சு. மீட்டர் 175, ஏர்போர்ட்டுக்கு அம்பது. கீழ்த்தளத்துல ஒரு மிஷின் இருக்குல்ல, அதுல சீட்டு வந்துச்சு, என்ன பண்றதுன்னே தெரியல. மூணு பேருகிட்ட கேட்டேன். ஒரு ஆளு சிரிச்சே போட்டான். சீட்டுல இருக்கற நம்பர் வரிசையில போய் நிக்கணுமாம். உனக்கு?”

“அவ்ளோதான். 230.”

பொய் எவ்வளவு எளிதாக வந்தது என்பதைவிட, ஒருவன் சிரித்ததை அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னதுதான் என்னைச் சுட்டது. என்னைப் பார்த்து ஒருவன் சிரித்திருந்தால் அதை நான் பத்து வருடம் சுமந்திருப்பேன்.

செவ்வாயும் புதனும் தொழிற்சாலையில் கழிந்தன. அவர்களுடைய அளவைக் கருவி பன்னிரண்டு மைக்ரான், ஒரு மயிரிழையைவிட மெல்லிய அளவு, தவறாகக் காட்டுவதைக் கண்டுபிடித்தவள் நான். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக் கருவியை மாற்றினார்கள். ஆனால் இரண்டு நாளும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர் நித்யா. “இந்த ஸ்பிரிங் எதுக்கு?” என்று அங்கிருந்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டாள். முதலாண்டு மாணவிக்குத் தெரிந்த விஷயம். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தப் பொறியாளரோ மகிழ்ந்துபோய் விளக்கத் தொடங்கி, பிரஸ் நாற்பதாயிரம் முறை அடித்ததும் ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால், தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு உடையும் என்றார். கையேட்டில் அது இல்லை. அறியாமையைக் காசுபோல நீட்டி அறிவை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். அந்தக் காசு என்னிடமும் நிறைய இருக்கிறது, செலவழிக்கத்தான் தெரியவில்லை.

வியாழன் காலை பத்தரைக்கு ஓட்டலிலிருந்து இருவரும் ஒரே டாக்ஸியில் கிளம்பினோம். துண்டு இல்லாத மீட்டர் 35இல் தொடங்கி 171இல் நின்றது. விமானத்துக்குக் காத்திருந்தபோது மேலாளர் அழைத்தார், நித்யாவின் எண்ணுக்கு. அடுத்த மாதம் தனசேகரும் மூன்று ஆபரேட்டர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள், விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு எப்படிப் போவது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்றார். பத்தே நிமிடத்தில் அவள் தொலைபேசியிலேயே எழுதி என்னிடம் காட்டினாள். கீழ்த்தளம் போகவும், இயந்திரத்தில் சீட்டு எடுக்கவும், அதே எண் வரிசையில் நிற்கவும், மீட்டர் கட்டணத்தோடு ஐம்பது பாட் தரவும், சந்தேகம் இருந்தால் அருகில் இருப்பவரைக் கேட்கவும்.

எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் எங்கள் ஆட்களுக்கு உதவாது. தனசேகர் அண்ணன் யாரையும் கேட்கமாட்டார். மூன்று பேர் பின்னால் நிற்கும்போது சத்தியமாகக் கேட்கமாட்டார். டை கட்டியவர் வந்ததும் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடப்பார். கீழ்த்தளம்வரை போய்ச் சேரவே மாட்டார்.

“நித்யா, நான் அன்னிக்கு 230 குடுக்கல. ஆயிரம் குடுத்தேன்.”

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“ஏன், எவ்வளவுன்னு கேக்கலியா?”

“கேக்கல.”

“அதான் ஏன்?”

“சொன்னா உனக்குப் புரியாது.”

“புரியலன்னா திரும்பக் கேக்கறேன். சொல்லு.”

இதற்கும் அவளிடம் கேள்விதான் இருந்தது. ஷேர் ஆட்டோவைப் பற்றிச் சொன்னேன். நான்கு வருடமாக அம்பத்தூரில் இருக்கிறாள், ஒருமுறைகூட அதில் ஏறியதில்லையாம். எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாத ஒன்று கிடைத்ததில் சின்ன மகிழ்ச்சி. அதை மறைக்கவில்லை. கடைசி வரியை எடுத்துவிட்டு, மேலே என் வரிகளைச் சேர்த்தேன். ‘கதவைத் தாண்டியதும் டை கட்டியவர் வருவார். அது இரண்டாம் தளம். அந்தத் தளத்தில் யாரிடமும் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். மீட்டரில் 35 தெரிந்த பிறகு வண்டிக் கதவை மூடவும். நான் விலை கேட்காமல் ஏறி ஆயிரம் பாட் கொடுத்தேன்.’ கீழே என் பெயரைப் போட்டேன். இதைப் படித்தால் மேலாளர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று தெரியும். ஒருமுறை திரும்பப் படித்தேன். பிறகு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஆலை முழுவதும் தெரிந்துவிட்டது.

“இன்னாம்மா, ஆயிரமா? மெய்யாலுமா?” என்று தனசேகர் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார். “அந்த டிரைவரு இந்நேரம் உன் பேர்ல அன்னதானம் போட்டுகினு இருப்பான்.”

அவரோடு பயிற்சிக்குப் போகும் மூன்று பேரும் சிரித்தார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். ஹெல்மெட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“ஏம்மா, அந்த சீட்டு மிஷினு கீழ கீதுன்னியே. லிப்ட்ல போனா எந்த நம்பர அமுக்கணும்?”

“ஒண்ணுண்ணா. அங்க தரைத்தளத்தையே ஒண்ணும்பாங்க.”

“அத்த எழுதலியே நீ.” சற்று யோசித்தார். “சரி, ஏறி குந்திகினப்புறம் அவன் மீட்டரு போடலன்னு வெச்சுக்கோ?”

“இறங்கிடுங்க.”

“ஏறினப்புறமா? அசிங்கமா கீதே.”

“அசிங்கமாத்தாண்ணா இருக்கும். எனக்கும் அப்டிதான் இருந்துச்சு, அதான் இறங்கல.”

அவர் சிரிக்கவில்லை. “பசங்க முன்னாடி கேக்க முடியல” என்றார். “நித்யா பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அதுகிட்ட போய் லிப்டுல எந்த நம்பருன்னு கேக்க முடியுமா?”

திரும்பி நடந்தபோது அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது. பாங்காக்கில் பார்த்தது, எங்கள் ஊர் மண்ணூர்பேட்டைச் சாலையில் பார்ப்பதைவிட ரொம்பவும் வேறில்லை. அங்கேயும் லாரி, தூசி, ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள். வேறாக இருந்தது நான்தான். இங்கே எனக்கு எல்லா விலையும் தெரியும், அங்கே ஒன்றும் தெரியவில்லை.

ஆறு வாரத்துக்கு நித்யாதான் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஸ்பிரிங் கதை மேலாளர் வரை போயிருக்கிறது. என் பன்னிரண்டு மைக்ரான் போகவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. பொறாமை இன்னும் அடங்கவில்லை. அடங்கும் என்று எழுதினால் அது பொய்.

சனிக்கிழமை காலை நித்யாவின் மேசைக்குப் போனேன். “அந்த ஆறு வாரத்த நான் கேக்கப் போறேன். உனக்குத் தெரியாம கேக்க வேணாம்னு சொல்றேன்” என்றேன்.

“கேளு” என்றாள். “நானும் கேப்பேன். விட்டுக்குடுக்க மாட்டேன்.”

“விட்டுக்குடுக்காத.”

அங்கிருந்து நேராக மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். “சார், ஆறு வாரத்துக்கு என்னை அனுப்புங்க. பயிற்சிக்குப் போற நாலு பேருக்கும் தெரியாதது நிறைய இருக்கும், அதை நித்யாகிட்ட கேக்க மாட்டாங்க. என்கிட்ட கேப்பாங்க” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உட்காரும்மா” என்றார். நான் உட்கார்ந்து, அளவைக் கருவி தவறாகக் காட்டிய பழைய அறிக்கையையும், அதை மாற்றிய பிறகு எடுத்த புதிய அறிக்கையையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன்.