யானைக்கு இரண்டு பர்சென்ட்

நகையை உரசிப் பார்த்து மாற்றுச் சொல்கிறவரை ஊர் நம்பும். குவாரிக் குழியை எட்டிப் பார்த்துச் சதவீதம் சொல்கிற என்னைப் போன்றவனை, கூலி கொடுத்து அழைத்தவர்கூட நம்ப மாட்டார். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு சித்தூர் பக்கத்துச் சின்னச் சின்ன கிரானைட் கம்பெனிகளுக்கு ‘காஸ்ட் ஆஃப் ஈக்விட்டி’ கணக்குப் போடுவது என் பிழைப்பு. பெயர்தான் பெரிது. இந்தக் கம்பெனியில் சொந்தப் பணத்தைப் போடுகிறவர், அதில் இருக்கிற ஆபத்துக்காக வருஷத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு எதிர்பார்ப்பார் என்பதுதான் விஷயம். ஆபத்து கூடினால் சதவீதம் ஏறும்; சதவீதம் ஏறினால் கம்பெனியின் விலை இறங்கும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்னைப் படுத்திய பாட்டை, அடுத்தவர் சொத்துக்கு விலை சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்ளும் சக பாவிகளான நீங்களாவது கேளுங்கள்.

கடன் வாங்கிய பீட்டா

வெதுருகுப்பம் பக்கத்தில் முனிரத்தினத்தின் குவாரி. அப்பா விட்டுப்போன கம்பெனி. அவருக்குப் பாதி, தங்கை சரளாவுக்குப் பாதி. தங்கையின் பாதியை அண்ணன் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. விலை சொல்ல இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள்.

முதல் நாளே பீட்டாவில் மாட்டினேன். பங்குச் சந்தை ஏறி இறங்கும்போது ஒரு கம்பெனி எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் எண் அது. சந்தைப் பக்கமே போகாத கம்பெனிக்கு அது ஏது? பெரிய சுரங்கக் கம்பெனிகளுடையதைக் கடன் வாங்கித்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நமக்கு மாத்திரை எழுதுகிற மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். தொண்டை வறள விளக்கினேன். முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மார்க்கெட்டு ஆடுனா எங்க கம்பெனி ஆடாது சார். வெடி வெச்சாத்தான் ஆடும்.”

அது வேறு, இது வேறு

மறுவாரம் குவாரியைப் பார்க்கப் போனேன். முனிரத்தினம் என்னைக் குழியின் ஓரமாகவே நடத்திக்கொண்டு போய் ஆபத்துகளை வரிசையாகக் காட்டினார். கல்லுக்குள் விரிசல் இருக்கலாம், அறுத்த பிறகுதான் தெரியும். மழை வந்தால் குழி குளமாகிவிடும். லீஸ் புதுப்பிக்கிற வேலை எந்த மேஜையில் தூங்குமோ தெரியாது. வாங்குகிறவருக்குத் திடீரென்று கறுப்புக் கல் பிடிக்காமல் போகலாம். கடைசியில் காட்டைக் கை காட்டி, யானை இறங்கும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு விலை வைத்திருந்தார். விரிசலுக்கு ஒரு பர்சென்ட், லீஸுக்கு ஒன்று, யானை பெரிய உருப்படி என்பதால் இரண்டு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் போன வருஷம் இதே மனிதர் பேங்க் கடனுக்காக என்னிடம் வந்திருந்தார். அப்போது கல்லில் விரிசல் இல்லை, மழைக்கு வடிகால் இருந்தது, லீஸ் கையில் இருந்தது, யானை மிருகக்காட்சி சாலையில் இருந்தது. சதவீதத்தை இன்னும் குறையுங்கள் என்று தினமும் போன் செய்து என் உயிரை எடுத்தார். அதை ஞாபகப்படுத்தினேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் பதில் வந்தது:

“அது பேங்குக்கு சார். இது தங்கச்சிக்கு.”

மலைமேல் இருக்கும் பார்ட்னர்

தொழில் தொடங்கும்போது ஏழுமலையானையும் ஒரு பார்ட்னராகச் சேர்த்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். பத்திரத்தில் பெயர் இருக்காது. லாபத்தில் ஒரு பங்கு உண்டியலுக்குப் போகும். முனிரத்தினத்தின் அப்பாவும் அப்படி வேண்டிக்கொண்டவர்தான். ஆகவே சாமி பங்கை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் தங்கைக்குப் பாதி என்று முனிரத்தினம் புதிதாக ஒரு கணக்கோடு வந்தார். நல்ல பக்தி என்று நினைத்தேன். கம்பெனியின் ஆடிட்டர் பிரசாத், தெலுங்குக்காரர், என் காதைக் கடித்தார். அப்பா போனதிலிருந்து மலைக்கு ஒரு பைசாவும் ஏறவில்லையாம்.

எனக்குத் தொழில் சந்தேகம் வந்துவிட்டது. வருஷக்கணக்காக லாபம் வராமலும் கோபித்துக்கொள்ளாமல் நிற்கிறாரே, இப்படிப்பட்ட பங்குதாரர் எத்தனை சதவீதம் எதிர்பார்ப்பார்? பூஜ்ஜியம் போடலாமா என்று பிரசாத்திடமே கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தமிழும் தெலுங்குமாகச் சொன்னார்:

“கல்யாணத்துக்கு வாங்குன கடனுக்கே இன்னும் வட்டி கட்டிக்கினு இருக்குற சாமி சார் அவரு. வட்டி அருமை தெரிஞ்சவரு. ஆயனதோ கொடவ ஒத்து.”

கொடவ என்றால் தகராறு. சாமியோடு தகராறு வேண்டாம் என்று, அவர் பங்கை நான் கணக்கிலேயே கொண்டுவரவில்லை.

பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்

சரளா சத்தியவேட்டில் இருக்கிறார். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் வேலை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என் ஆபீசுக்கு வந்தார். பங்குப் பணம் வந்தால் வேலையை விட்டுவிட்டு, கல் பாலிஷ் போடும் ஷெட் ஒன்று சொந்தமாகத் தொடங்க வேண்டும். இடம்கூடப் பார்த்தாயிற்று. அண்ணன் சேர்க்கிற ஒவ்வொரு பர்சென்ட்டும் அந்த ஷெட்டிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அண்ணனுடைய பட்டியலில் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிற மாதிரி பேசினேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் பாதிக்கும் தன் பாதிக்கும் ஒரே சதவீதம்தானே, ஒரே விலைதானே? ஆமாம், ஒரே கம்பெனி, சரிபாதி, வேறு விலை எப்படி வரும் என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்:

“அப்ப சரி சார். எங்கண்ணன் இன்னும் எதுனா சொன்னா அதையும் சேத்துக்குங்க.”

யானை திரும்பிப் போனது

கடைசிக் கூட்டம் சித்தூரில், பிரசாத்தின் ஆபீசில் நடந்தது. என் சதவீதம் ஒன்று, முனிரத்தினம் யானை சகிதம் ஏற்றி வைத்த சதவீதம் ஒன்று, இரண்டையும் மேஜையில் வைத்தேன். முனிரத்தினத்தின் கணக்கில் கம்பெனியின் விலை பாதாளத்தில் இருந்தது. நான் வாதாடத் தயாராகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சரளா, அண்ணன் கணக்கே இருக்கட்டும் என்றார். வேண்டாம் என்று மேஜைக்கு அடியில் கையை ஆட்டிக்கூடப் பார்த்தேன். முனிரத்தினம் முகமெல்லாம் பல்லாக எல்லோருக்கும் காபி சொன்னார். எனக்கு மட்டும் வடையும் சொன்னார்.

காபி வந்தது. சரளா அண்ணன் பக்கம் திரும்பினார். குரலில் நிஜமான பாசம் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

“இம்மாம் ரிஸ்க்க வெச்சிக்கினு நீ எதுக்குண்ணா கஷ்டப்படணும்? இதே வெலைக்கு ஒன் பாதிய நான் வாங்கிக்கிறேன். லோனு பேசிட்டேன். நைனா பேரு கெடாம நான் பாத்துக்கிறேன்.”

பிரசாத் ஜன்னல் வழியாகச் சித்தூரை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வடையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் ஏதோ தப்பாக எழுதிவிட்ட மாதிரி மெதுவாகச் சொன்னார்:

“சார், ஆனை இப்பல்லாம் இந்தப் பக்கமே வர்றதில்ல. அத எடுத்துடுங்க.”

யானைக்குப் பின்னால் விரிசலும் மழையும் லீஸும் ஒவ்வொன்றாக வெளியேறின. தங்கையின் பாதியை அண்ணனே வாங்கிக்கொள்ள, என் சதவீதத்துக்கே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சரளாவின் ஷெட்டில் இப்போது மெஷின் ஓடுகிறது. பாலிஷுக்கு முதல் லோடு கல் அனுப்பியது முனிரத்தினம்தான்.

பீட்டாவை நான் இன்றைக்கும் கடன்தான் வாங்குகிறேன், ஆனால் எந்தக் குவாரிக்குக் கணக்குப் போடுவதாக இருந்தாலும் அந்த வீட்டில் தங்கச்சி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.